திருப்பிப் பார்க்காத பலகை

தொழிலால் இவ்வூரின் புகழையும் தொண்டால் எங்கள் பள்ளியின் பெயரையும் தோளில் தூக்கிச் சுமக்கும் விழாத் தலைவர், எங்கள் தாளாளர் ஜனாப் ரஷீத் அஹமது அவர்களே; நான்கு மணி நேரப் பயணத்தின் அலுப்பை ஒரு புன்னகைக்குள் மறைத்துக்கொண்டு மேடையை மெருகேற்றும் சிறப்பு விருந்தினர், இத்திட்டத்தை நடத்தும் அறக்கட்டளையின் பொறுப்பாளர் திரு. ஆதிகேசவன் அவர்களே, என்னோடு சுண்ணாம்புத் தூளைச் சுவாசித்துச் சுவாசித்துச் சலித்துப்போன சக ஆசிரியப் பெருமக்களே, வாணியம்பாடியிலிருந்து வந்து முன்வரிசையில் அமர்ந்து, நம் வீட்டுப் பெண் தமிழில் எங்கேயாவது தடுக்கி விழுவாளா என்று கண்கொட்டாமல் காத்திருக்கும் என் உறவுகளே, தேர்வு பெற்றுத் தெளிந்த முகத்தோடு அமர்ந்திருக்கும் நாற்பது செல்வங்களே, உங்கள் அனைவரையும் வணங்குகிறேன்.

வாரத்தில் கிடைக்கும் ஒரே ஒரு ஞாயிற்றுக்கிழமையையும் பறிகொடுத்து, தொழிற்சாலை வேனில் ஏற்றப்பட்டு, இந்த மண்டபத்தின் காலி நாற்காலிகளை நிரப்புவதற்காகவே இறக்கப்பட்டிருக்கும் தாய்மார்களே, உங்களுக்கு மட்டும் என் வணக்கம் ஒன்றுக்கு இரண்டு. வேனில் வந்ததில் தவறொன்றும் இல்லை. யார் எதற்காக அழைத்துவந்தார்கள் என்பது ஒருபுறம் இருக்கட்டும், நான் பேசப் போவதைக் கேட்க வேண்டியவர்கள் நீங்கள்தான்.

இன்னும் ஒரு வணக்கம் மிச்சமிருக்கிறது. அழைப்பிதழ் போகாததால் இங்கே வராத பதினான்கு பிள்ளைகளே, உங்களுக்கும் வணக்கம்.

மைக் சரியாக இருக்கிறதா? கடைசி வரிசைக்குக் கேட்கிறதா? கேட்கிறது என்று கை காட்டுகிறார்கள். நல்லது. கேட்கவில்லை என்று பிறகு யாரும் சொல்ல வேண்டியிருக்காது.

நான் சுகரா பேகம். இருபத்தாறு ஆண்டுகளாக ஆம்பூரில் கணக்கு வாத்தியார். வீட்டில் உருது, வகுப்பில் தமிழ், கோபம் வந்தால் இரண்டும் வரும். இன்று இரண்டும் வருகிற நாள்தான், ஆனாலும் அவைக்கு அடங்கித் தமிழிலேயே பேசுகிறேன். எனக்கு ‘மாவட்டத்தின் சிறந்த கல்வி விளையாட்டு வடிவமைப்பாளர்’ என்று ஒரு கேடயம் தருகிறார்களாம். அதோ, மேசைமேல் பட்டுத்துணி போர்த்தி வைத்திருக்கிறார்கள். வழக்கமாகக் கேடயத்தை வாங்கிய பிறகுதான் ஏற்புரை. முதலில் பேச்சு, பிறகு கேடயம் என்று நான்தான் கேட்டு மாற்றிக்கொண்டேன்.

எதற்காக இந்த விருது? மேசைமேல் விரித்து ஆடுகிற ஒரு பலகை விளையாட்டைச் செய்தேன். அதைக் கொண்டு பிள்ளைகளுக்குக் கணினிச் சிந்தனை கற்பித்தேன், அதைக் கொண்டே மதிப்பெண்ணும் போட்டேன். கணினிச் சிந்தனை என்றால் என்ன? திரையைத் தடவுவதா, பொத்தானைத் தட்டுவதா? அதற்குச் சிந்தனை எதற்கு, விரல் போதுமே. பெரிய வேலையைச் சிறு வேலைகளாகப் பிரிப்பது. போன தடவை செய்ததற்கும் இந்தத் தடவை செய்வதற்கும் என்ன ஒற்றுமை என்று காண்பது. வேண்டாததை விலக்குவது. அடுத்தவர் குறுக்குக் கேள்வி கேட்காமல் செய்து முடிக்கும்படி வரிசையாக வகுத்துச் சொல்வது. ஆயிரம் பேருக்குத் தம் போடுகிற பிரியாணி மாஸ்டர் இதை வாரம் தவறாமல் செய்கிறார். பிரியாணி என்றதும் பின்வரிசை நிமிர்ந்து உட்காருகிறது. கவலை வேண்டாம், சாப்பாடு ஒரு மணிக்கு, அதற்குள் விட்டுவிடுவேன்.

எங்கள் பள்ளியில் எட்டுக் கணினிகள் உண்டு. அவற்றில் உயிரோடிருப்பவை மூன்று. அந்த மூன்றை நம்பினால் நம் பிள்ளைகள் மூப்படைந்த பிறகுதான் முறை வரும். அதனால்தான் பலகையை நம்பினேன். வாணியம்பாடியில் என் அண்ணன் தோல் பதனிடும் தொழில் செய்கிறார். அவரிடம் கழித்துக் கட்டிய ஆட்டுத்தோல் ஆறு கேட்டு வாங்கினேன். ஒவ்வொன்றின் மேலும் வெள்ளை வண்ணத்தில் கட்டம் கட்டமாகக் கோடு போட்டேன், அந்தத் தோல்தான் பலகை. அங்கங்கே சிவப்பில் ஓட்டை, தழும்பு, உண்ணிக்கடி என்று பழுதுகள் வரைந்தேன். காலணியின் பாகங்களை அட்டையில் ஒன்பது துண்டுகளாக வெட்டினேன். பழுதின் மேல் படாமல், தோலை வீணாக்காமல், ஒன்பது துண்டுகளையும் பலகைமேல் பொருத்த வேண்டும். பன்னிரண்டு முறை ஆடலாம், ஒரு முறைக்கு ஒரு நிமிட மணல் கடிகாரம், ஒரு முறையில் எத்தனை துண்டு வேண்டுமானாலும் வைக்கலாம். ஆடி முடித்தபின், கண்ணைக் கட்டிக்கொண்ட தோழி அதையே திரும்ப வைக்கும்படி கட்டளைகளை எழுதித் தர வேண்டும். பழுதின் மேல் வைக்காதே, வீணாக்காதே, வரிசையாகச் சொல். இவ்வளவுதான் விதி. அந்த விளையாட்டில் எனக்கு இன்றும் வெட்கமில்லை. நல்ல விளையாட்டு அது.

வெட்கம் மதிப்பெண் தாளில் இருக்கிறது.

வேலூரில் இரண்டு நாள் பயிற்சி. குளிர்பதன அறை, கோப்பு, பேனா, முந்திரி பிஸ்கெட். அங்கேதான் சொன்னார்கள்: முடிவைப் பார்க்காதீர்கள், செயல்முறையைப் பாருங்கள். பிள்ளை எவ்வளவு விரைவாகத் தொடங்குகிறது? எத்தனை முறை முயல்கிறது? எத்தனை பிழைகளைத் தானே கண்டு திருத்துகிறது? இவைதாம் கணினிச் சிந்தனையின் கண்கண்ட சான்றுகள் என்றார்கள். எவ்வளவு அழகாகச் சொன்னார்கள் தெரியுமா? அந்த அறையில் முதலில் தலையாட்டியவள் நான். உரக்கக் கைதட்டியவளும் நான். தாளை வரைந்து தந்ததும் இந்தக் கைதான். ஐந்து கட்டம், கட்டத்துக்குப் பத்து மதிப்பெண்: தொடக்கம், முயற்சி, பிழைதிருத்தம், எடுத்துரைத்தல், சிக்கனம். ஓரத்தில், ஒவ்வொரு முறையும் எத்தனை துண்டு வைத்தார்கள் என்ற குறிப்பு. ஆட்டம் முடிந்தபின் பழுதின் மேல் துண்டு கிடக்கிறதா இல்லையா என்று பார்ப்பதற்கு ஒரு கட்டம் உண்டா? இல்லை. அது முடிவாயிற்றே. முடிவைத்தான் பார்க்கக் கூடாதே.

மே மாத இறுதி. பத்தாம் வகுப்பு முடித்த ஐம்பத்து நான்கு பிள்ளைகள். பதினொன்றாம் வகுப்பில் அறக்கட்டளை தொடங்கும் தனிக் கணினிப் பிரிவு, புத்தம் புதுக் கணினிகள், நாற்பது இடங்கள். யாருக்கு இடம் என்பதை இந்த விளையாட்டே முடிவு செய்யும் என்றார்கள். எழுத்துத் தேர்வின் அச்சம் இல்லாத, அன்பான, ஆனந்தமான மதிப்பீடு என்று அறிவிப்பில் அச்சடித்திருந்தோம்.

மூன்றாம் எண் பலகைக்கு மெர்சி வந்தாள். அவள் அப்பா ஜோசுவா, ஷூ கம்பெனியில் கட்டிங் ஹாலில் தோல் வெட்டுகிறவர். அம்மா சவுரியம்மாள், அதே கம்பெனியில் தையல் பிரிவு. இதோ ஆறாவது வரிசையில் இருக்கிறார், வேனில்தான் வந்திருக்கிறார். பெண்ணின் பெயரை மேடையில் சொல்லலாமா என்று வாசலில் நின்று கேட்டேன். “சொல்லுங்க டீச்சர். எங்க பொண்ணு இன்னா திருடினாளா, பேரை மறைக்க?” என்றார். அதனால் சொல்கிறேன், மெர்சி.

மணல் கடிகாரத்தைக் கவிழ்த்தேன். அவள் துண்டைத் தொடவில்லை. பலகையைச் சுற்றி வந்தாள். முதல் முறை முடிந்தது, வைக்கவில்லை. இரண்டாம் முறை முடிந்தது, வைக்கவில்லை. குனிந்து கட்டங்களை விரலால் தடவினாள். மூன்றாவதிலும் வைக்கவில்லை. என் கையில் மதிப்பெண் தாள், தாளின் ஓரத்தில் சுழியத்துக்குப் பின் சுழியம்.

“மெர்சி, மணல் ஓடுது பாரு. எதையாவது வையேன்மா.”

“இந்தத் தடவை வைக்கல மிஸ்.”

“புரியலையா?”

“புரியுது மிஸ். இன்னும் பாத்து முடிக்கல.”

ஐந்தாம் முறையில் பலகையின் ஓரத்தைத் தூக்கி, அப்படியே புரட்டி, அடிப்பக்கம் பார்த்தாள். அப்போது நான் ஒன்று சொன்னேன். சொன்னதை மறைக்காமல் இங்கே சொல்கிறேன். “இன்னாம்மா அடியில தேடுற? விடையை அங்க ஒட்டியா வெச்சிருக்கேன்?” என்றேன். மற்றப் பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். மெர்சி சிரிக்கவில்லை. பலகையைத் திரும்ப நேராகப் போட்டுவிட்டு, மறுபடியும் பார்க்கத் தொடங்கினாள். நான் சிரிக்க வைத்ததால்தான் பிள்ளைகள் சிரித்தார்கள், அதற்கு எந்தத் தாளிலும் எனக்கு மதிப்பெண் கழியவில்லை.

ஒன்பதாம் முறையில் துண்டுகளை எடுத்தாள். ஒரு நிமிட மணல் பாதி இறங்குமுன் ஒன்பதையும் வைத்தாள். ஒன்றையும் நகர்த்தவில்லை, ஒன்றையும் திரும்ப எடுக்கவில்லை. எனக்கு அவள்மேல் இரக்கம். “தப்பு எதுனா இருக்கா பாரு மெர்சி, எடுத்துத் திருத்தினா மார்க் இருக்கு” என்று குறிப்புக்கூடக் காட்டினேன். “தப்பு இல்ல மிஸ்” என்றாள். மதிப்பெண்ணுக்காக ஒரு துண்டை எடுத்து அதே இடத்தில் திரும்ப வைத்திருக்கலாம். அந்தச் சாமர்த்தியம் அவளுக்குத் தோன்றவே இல்லை.

பிறகு கட்டளை எழுதினாள். மற்றவர்கள் முப்பது வரி, நாற்பது வரி எழுதினார்கள். அவள் பதினோரு வரி. “இதையே நாலு தடவ செய்” என்று ஒரு வரி. “தழும்பு வந்தா ஒரு கட்டம் தள்ளி வை” என்று ஒரு வரி. பொறியியல் கல்லூரியில் ஓர் ஆண்டு படித்துக் கற்றுக்கொள்வதை அந்தக் குழந்தை இரண்டே வரியில் எழுதியிருந்தாள். தோழி ஹஃப்ஸா துப்பட்டாவால் கண்ணைக் கட்டிக்கொண்டு ஒன்பது துண்டையும் பிசகாமல் வைத்தாள். “மெர்சி சொன்னா கண்ணே தேவையில்ல மிஸ்” என்றாள் ஹஃப்ஸா. எடுத்துரைத்தலுக்கு மட்டும் ஒன்பது போட்டேன்.

கூட்டிப் பார்ப்போமா? கணக்கு டீச்சர் மேடை ஏறினால் கூட்டல் இல்லாமலா? தொடக்கம்: சுழியம், ஒன்பதாம் முறையில்தானே தொடங்கினாள். முயற்சி: இரண்டு, ஒரே ஒரு முறைதானே வைத்தாள். பிழைதிருத்தம்: சுழியம். பிழையே செய்யாதவள் எதைத் திருத்துவாள்? எடுத்துரைத்தல்: ஒன்பது. சிக்கனம்: எட்டு, ஏனென்றால் பழுதே இல்லாத இரண்டு இடங்களை வெறுமனே விட்டுவிட்டாள், வீணாக்கியதற்கு இரண்டு கழித்தேன். ஆக ஐம்பதுக்குப் பத்தொன்பது. அதே நாளில் இன்னொரு பிள்ளை முதல் நிமிடமே வைத்தான், வைத்து வைத்து எடுத்தான், எடுத்து எடுத்து வைத்தான். நாற்பத்து மூன்று வாங்கினான். ஆட்டம் முடிந்தபோது அவனுடைய மூன்று துண்டுகள் சிவப்புப் பழுதின் மேலேயே கிடந்தன. அவன் பெயரைச் சொல்ல மாட்டேன். அவன் என் பிள்ளை, என் தாளைப் பார்த்து ஆடினான், பிழை அவனுடையது இல்லை.

தலைவர் அவர்கள் துண்டுச் சீட்டு அனுப்பியிருக்கிறார். ‘சுருக்கவும்.’ ஜனாப், எனக்கு முன்னால் பேசிய மூவர் உங்களைப் புகழ்ந்தபோது ஒரு சீட்டும் வரவில்லையே. சிரிக்கிறார், பெரிய மனது. இன்னும் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

பட்டியல் ஒட்டிய மறுநாள், கம்பெனிச் சட்டையோடு ஜோசுவா பள்ளிக்கு வந்தார். சண்டைக்கு வரவில்லை. சண்டைக்கு வந்திருந்தால் எனக்குச் சுலபமாகப் போயிருக்கும், நானும் நாலு வார்த்தை பதிலுக்குப் பேசியிருப்பேன்.

“டீச்சர், எங்க பொண்ணு எங்க தப்பு பண்ணான்னு காட்டுங்க. வூட்ல சொல்லித் தர்றேன்.”

“தப்பு எதுவும் பண்ணலைங்க.”

“அப்புறம் ஏன் கம்மி?”

“தப்பு பண்ணி, அதத் திருத்தினாதான் அந்தக் கட்டத்துல மார்க்குங்க.”

அவர் என்னைப் பார்த்தார். நான் சொன்னது என் காதிலேயே விழுந்தது. எத்தனையோ பேருக்கு எத்தனையோ கணக்கு விளக்கியிருக்கிறேன், அன்றைக்குப்போல ஒரு விளக்கத்தை வாயால் சொல்லிக் கூசியதில்லை.

“எங்க ஹால்ல தப்பா வெட்டிட்டா திருத்த முடியாது டீச்சர்,” என்றார். “வெட்டுனது வெட்டுனதுதான். அதான் டையை வைக்கறதுக்கு முன்னாடியே பாத்துக்கறோம்.” டை என்றால் தோலை வெட்டும் இரும்பு அச்சு. கட்டிங் ஹாலில் ஒரு வழக்கம் உண்டாம். புதுத் தோல் கைக்கு வந்தால் வெட்டுகிறவர் உடனே அச்சை வைக்க மாட்டார். தடவுவார், இழுப்பார், புரட்டி அடிப்பக்கம் பார்ப்பார், பழுதைச் சில்வர் பென்சிலால் வட்டமிடுவார். அப்படி நின்று பார்த்துக்கொண்டிருக்கிறவரிடம் சூப்பர்வைசர்கூடப் பேச மாட்டாராம். எடுத்த எடுப்பில் அச்சை வைக்கிற புதுக் கையைப் பார்த்தால், “இன்னாடா, கை அரிக்குதா?” என்று மொத்த ஹாலும் கேலி செய்யுமாம். ஞாயிற்றுக்கிழமை வீட்டில் கறி வாங்கி வந்தாலும் அவர் புரட்டித்தான் பார்ப்பாராம். பிள்ளை அதைப் பார்த்து வளர்ந்திருக்கிறது.

தாய்மார்களே, நீங்கள் தலையாட்டுகிறீர்கள். உங்களுக்கு இது தெரிந்த செய்தி. எனக்குத் தெரியவில்லை. தோல் வியாபாரத்தில் பிறந்தேன், தோல் சம்பாதித்த சோற்றில் வளர்ந்தேன், தோல் ஊரில் பாடம் நடத்துகிறேன். ஒரு நாள்கூட ஒரு கட்டிங் ஹாலுக்குள் நின்றதில்லை. எங்கள் வீட்டில் தோலைப் பற்றிப் பேச்சு வரும், வெட்டுகிறவர்களைப் பற்றி வராது.

ஜோசுவா அந்த மூன்றாம் எண் பலகையைக் கேட்டார். கொடுத்தேன். கையில் வாங்கியதும் புரட்டினார். கட்டைவிரலால் ஒரு தடவு தடவினார். “இங்க ஒண்ணு, இங்க ஒண்ணு” என்று சில்வர் பென்சிலால் வட்டமிட்டார். ஆட்டை உரிக்கும்போது விழுந்த கத்தி வெட்டு. மேல்பக்கம் தெரியாது, காலணியாகிக் காலில் ஏறியபின் ஆறு மாதத்தில் அங்கேதான் கிழியும். ஒவ்வொரு பலகையையும் ஆட்டம் முடிந்ததும் கைப்பேசியில் படம் எடுத்து வைத்திருந்தேன். மெர்சி ஆடிய பலகையின் படத்தைத் திறந்தேன். வீணாக்கினாள் என்று நான் மதிப்பெண் கழித்த இரண்டு இடங்கள் எவை தெரியுமா? அந்த இரண்டு கத்தி வெட்டுகள் இருக்கும் இடங்கள்தான்.

விடையை அடியில் ஒட்டியா வைத்திருக்கிறேன் என்று கேட்டேனே, விடை அடியில்தான் இருந்தது. ஆறு மாதம் அந்தப் பலகை என் கையில் இருந்தது. கோடு போட்டேன், வண்ணம் பூசினேன், பரிசுக்கு அனுப்பினேன். ஒரு தடவைகூடத் திருப்பிப் பார்க்கவில்லை. பழுதின் மேல் வைக்காதே என்றுதான் விதி எழுதினேன், சிவப்பில் வரைந்த பழுதின் மேல் மட்டும் வைக்காதே என்று எழுதவில்லை. நான் எழுதிய விதியை என்னைவிட ஒழுங்காகப் படித்தவள் அவள்.

அன்று மாலை ஐம்பத்து நான்கு தாள்களையும் மறுபடி எடுத்தேன். இடம் கிடைக்காத பதினான்கு பேரில் பதினோரு பேர் தோல் வெட்டுகிறவர் வீட்டுப் பிள்ளைகள். பதினோரு தாளிலும் முதல் நான்கைந்து முறை சுழியம். பதினோரு பிள்ளைகளும் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார்கள். பார்ப்பதற்கு என் தாளில் கட்டம் இல்லை.

அறக்கட்டளைக்கு எழுதினேன். ஒருமுறை இல்லை, மூன்று முறை எழுதினேன். பதில் வந்தது: ‘தரவு பதிவேற்றப்பட்டுவிட்டதால் மாற்ற இயலாது. தங்கள் ஆர்வத்திற்குப் பாராட்டுகள்.’ பாராட்டோடு நின்றார்களா? கேடயமும் அறிவித்தார்கள். தாளைத் திருத்தச் சொன்னவளுக்கு, அந்தத் தாளை வரைந்ததற்காகப் பரிசு.

இன்று வெளியிட்ட அறிக்கை உங்கள் மடியில் இருக்கிறது. மூன்றே வாரத்தில் அச்சாகிவிட்டது, பளபளவென்று இருக்கிறது. முப்பத்தொன்றாம் பக்கத்தைத் திருப்புங்கள். தாய்மார்களே, படிக்கத் தெரிந்தவர்கள் பக்கத்தில் இருப்பவர்களுக்குப் படித்துச் சொல்லுங்கள். ‘தோல் தொழிலாளர் குடும்பப் பிள்ளைகளிடம் தொடங்கும் முனைப்பும் முயன்று பார்க்கும் ஊக்கமும் குறைந்து காணப்படுகின்றன.’

குறைந்து காணப்படுகின்றனவாம். யார் கண்ணுக்குக் குறைந்து காணப்படுகின்றன? தோலைத் தொட்டவுடன் அதன் வாழ்க்கை வரலாற்றைச் சொல்கிற கைகளின் பிள்ளைகளுக்கா முனைப்பில்லை? ஆண்டாண்டு காலமாய் அடுத்த நாட்டார் அணியும் காலணிக்கு அளந்து, அலசி, ஆராய்ந்து வெட்டியவர்கள் வீட்டிலா ஊக்கமில்லை? உங்கள் உழைப்பு வேண்டும், உங்கள் ஞாயிற்றுக்கிழமை வேண்டும், நாற்காலியை நிரப்ப உங்கள் உடம்பு வேண்டும், உங்கள் பிள்ளை யோசிக்கிற முறை மட்டும் வேண்டாம். அதைக் குறை என்று எழுதி, என் பெயரைக் கீழே போட்டு, உங்கள் மடியிலேயே வைத்து, கைதட்டவும் சொல்லியிருக்கிறார்கள். முன்னுரையில் என் பெயர் இருக்கிறது, பாருங்கள்.

கைதட்டாதீர்கள். இப்போது தட்டினால் இது வெறும் பேச்சாகப் போய்விடும். அப்படியே இருங்கள்.

திரு. ஆதிகேசவன் ஐயா அவர்களே, காலையில் புகைப்படத்துக்காக உங்களை ஒரு பலகையில் ஆடச் சொன்னார்கள். நீங்களும் கேமராவைப் பார்த்துச் சிரித்தபடி ஐந்து துண்டுகளை மளமளவென்று வைத்தீர்கள். அந்த மூன்றாம் எண் பலகையைத் தேர்ந்தெடுத்து அங்கே வைத்தவள் நான். சூது என்றாலும் ஏற்றுக்கொள்கிறேன். நீங்கள் வைத்த துண்டுகளை ஒட்டுத்தாளால் அப்படியே ஒட்டி வைத்திருக்கிறேன். இதோ தூக்கிக் காட்டுகிறேன், இதோ புரட்டுகிறேன். கத்தி வெட்டு இரண்டு, சில்வர் பென்சிலால் ஜோசுவா போட்ட வட்டம் இரண்டு. இரண்டின் மேலும் உங்கள் துண்டு இருக்கிறது ஐயா. என் தாளின்படி தொடக்கத்துக்கு உங்களுக்குப் பத்துக்குப் பத்து.

கோபித்துக்கொள்ளாதீர்கள். நீங்களும் நானும் ஒரே கட்சி, திருப்பிப் பார்க்காத கட்சி. கட்சி மாறுவதற்கு இன்று ஒரு வழி இருக்கிறது. கணினிப் பிரிவின் பட்டியலில் இந்த மேடையில்தான் நீங்கள் கையெழுத்துப் போடப் போகிறீர்கள். நாளை மாலை ஐந்து மணியோடு சேர்க்கை முடிகிறது. அந்த நாற்பது பேரில் ஒருவரையும் எழுப்ப வேண்டாம். இன்னும் பதினான்கு நாற்காலி போடுங்கள். வேன் வேனாக ஆள் வந்தபோது இந்த மண்டபத்தில் நாற்காலி கிடைத்ததே, ஒரு வகுப்பறையில் பதினான்கு கிடைக்காதா? இருவருக்கு ஒரு கணினி என்று வைத்துக்கொள்ளட்டும், மெர்சி சொன்னால் கண்ணே தேவையில்லை என்று ஹஃப்ஸா முன்னமே சொல்லிவிட்டாள். முப்பத்தொன்றாம் பக்கத்தையும் கிழித்துவிடுங்கள்.

சவுரியம்மா, ஏதோ சொல்கிறீர்கள். கொஞ்சம் சத்தமாகச் சொல்லுங்கள். அவருக்கு அந்த மைக்கைக் கொடுங்கள். வேண்டாமா? சரி, நானே சொல்கிறேன். “நாளைக்கு தையல் கிளாஸ்ல சேத்துடலாம்னு அவங்க அப்பா சொல்லிட்டாரு டீச்சர்” என்கிறார். காதில் விழுந்ததா ஐயா? நாளைக்கு. பதினோரு வரியில், கண்ணைக் கட்டிக்கொண்டவளையும் நடத்திக் காட்டிய பிள்ளையை நாளைக்குத் தையல் இயந்திரத்தின் முன்னால் உட்கார வைக்கப் போகிறார்கள். தையல் தாழ்ந்த தொழில் இல்லை, சவுரியம்மா அதில்தான் அவளை வளர்த்தார். ஆனால் அந்தப் பிள்ளை தானாகத் தேர்ந்து போகவில்லை. என்னுடைய பத்தொன்பது அவளை அங்கே அனுப்புகிறது.

ஆதிகேசவன் ஐயா பேனாவை எடுத்தார். மூடியைக் கழற்றினார். இப்போது வைத்துவிட்டார். பட்டியலைப் பார்க்கிறார். தாளாளர் அவர்கள் அவர் காதில் ஏதோ சொல்லப் போகிறார். வேண்டாம் ஜனாப், இப்போது அவரிடம் யாரும் பேசக் கூடாது, கட்டிங் ஹாலின் வழக்கம் அது. பட்டியலைப் புரட்டுகிறார், பின்பக்கம் பார்க்கிறார். பார்க்கட்டும். எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளட்டும், நான் சுழியம் போட மாட்டேன்.

அதுவரை அந்தக் கேடயம் மேசையிலேயே இருக்கட்டும். பட்டுத்துணியை எடுக்க வேண்டாம். எனக்குக் கணினிச் சிந்தனை கற்றுத் தந்த பிள்ளை சொன்னதையே நானும் சொல்லிவிட்டு இறங்குகிறேன். இந்தத் தடவை வாங்கல. இன்னும் பாத்து முடிக்கல.

சீட்டு அனுப்பியும் பொறுத்துக்கொண்ட தலைவருக்கும், சோறு ஆறுவதையும் பாராமல் கேட்ட அவைக்கும், ஞாயிற்றுக்கிழமையைக் கொடுத்த தாய்மார்களுக்கும் என் நன்றி. வராத பதினான்கு பிள்ளைகளுக்கு என் மன்னிப்பும் வணக்கமும்.